வயலின் வரும் இடம்

இதை எழுதாமலேயே விட்டிருப்பேன். எழுத உட்கார்ந்தால் எனக்குத் தூக்கம் வருகிறது, அது ஒன்று. இன்னொன்று, பத்தாவதில் நான் எழுதிய கட்டுரையைப் படித்த தமிழ் வாத்தியார், "இனிமே நீ கையெழுத்து மட்டும் போட்டா போதும்பா" என்று சொல்லிவிட்டார். பெரியவர் பேச்சை மதித்து இத்தனை வருஷம் சும்மா இருந்தேன். போன வாரம் டீக்கடையில் ஒருத்தர் எங்கள் கச்சேரியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். "நாலே பேருங்க. வேணும்னே பாட்ட நடுவுல நிறுத்துவானுங்க. பெரிய ஐடியா அது" என்றார். ஐடியாவாம். டீ எனக்கு மூக்கில் ஏறிவிட்டது. அது எப்படி வந்தது என்று யாராவது சொல்லியாக வேண்டும். மற்ற மூன்று பேருக்கும் வேலை வெட்டி இருக்கிறது.

எண்பதுகளின் ஆரம்பத்தில் எங்கள் குழுவில் பதினோரு பேர். பேனரில் மெல்லிசைக் குழு என்று போட்டிருக்கும், ஊரில் எல்லோரும் ஆர்கெஸ்ட்ரா என்பார்கள். கல்யாண வரவேற்பு, காதுகுத்து, கடை திறப்பு, எதற்குக் கூப்பிட்டாலும் போவோம். குழுவை நடத்தியவன் என் சிநேகிதன். கிடார் வாசித்ததால் அவன் பெயரே கிடார் ஆகிவிட்டது. அவன் அம்மாகூட என்னிடம், "கிடார் சாப்ட்டானாடா?" என்றுதான் கேட்பார்கள். நான் என்ன வாசித்தேன் என்று கேட்காதீர்கள். மைக்கில் "அடுத்து வரும் பாடல்" என்று சொல்வேன். மீதி நேரம் கிலுகிலுப்பை ஆட்டுவேன். அதற்கு இங்கிலீஷில் கௌரவமான ஒரு பெயர் இருக்கிறது. இருக்கட்டும்.

தேரடிப் பக்கம் ஒரு சந்தில், டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டின் மாடியில்தான் எங்கள் ஒத்திகை. கீழே டக்டக், மேலே டம்டம். இன்ஸ்டிடியூட் மாஸ்டர் அடிக்கடி படியேறி வருவார்.

"உங்க டிரம்ஸ கேட்டுக் கேட்டு என் பசங்கள்லாம் தாளத்துல டைப் அடிக்குதுங்கப்பா. பரீச்சையில ஃபெயிலானா நீங்கதான் பதில் சொல்லணும்."

"கவலைப்படாதீங்க சார், ஃபெயிலானா நான் ஆறுதல் சொல்றேன். அதுல எனக்கு நல்ல பழக்கம்" என்பேன்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து அங்கே டைப் கற்றுக்கொண்ட ஒரு பெண்ணைப் பார்த்துக் கிடார் விழுந்தான். முதலில் மாடிப்படியில் விழுந்தான். பிறகு மற்றபடி. கைத்தாங்கலாக அவனை எழுப்பி உட்கார வைத்ததும் அவள்தான். ஒரு வருஷத்தில் விஷயம் அவள் வீடு வரை போனது. அவள் அப்பாவுக்கு மல்லாட்டை மண்டி, அதாவது நிலக்கடலை மொத்த வியாபாரம். ஊரில் அவர் எடை போட்டால் யாரும் மறு எடை கேட்க மாட்டார்கள். கிடார் தன் தாய்மாமனையும் என்னையும் கூட்டிக்கொண்டு அங்கே போனான்.

"தம்பி இன்னா பண்றீங்க?" என்று கேட்டார் மண்டிக்காரர்.

"ஆர்கெஸ்ட்ரா வச்சிருக்கேங்க."

"அது சரி. வேலை?"

"அதாங்க வேலை. எனக்குக் கீழ பத்து பேரு இருக்காங்க."

மண்டிக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பத்து பேரா? என் மண்டியிலயே நாலு பேருதான் கீறாங்க." கொஞ்சம் யோசித்தார். "பெரிய பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சிருக்கேன். ரிசப்ஷனுக்கு உங்க கச்சேரியே இருக்கட்டும். கேட்டுட்டு, சின்னவ விஷயத்துக்குப் பதில் சொல்றேன்."

அதாவது, கச்சேரி நன்றாக இருந்தால் பெண். இல்லாவிட்டால் மல்லாட்டை.

இந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் ஆர்கன்காரன் கல்யாணம் செய்துகொண்டான். வேலூர் மாமனார் அவனுக்குப் புது ஸ்பீக்கர் பெட்டிகள் வாங்கிக் கொடுத்து, அங்கேயே தனிக் குழு வைத்துக்கொடுத்துவிட்டார். அவன் மட்டும் போயிருந்தால் பரவாயில்லை. வயலின் அவன் அண்ணன், புல்லாங்குழல் அவன் சித்தப்பா மகன், பாடகி அவன் தங்கை. அக்கார்டியன், பேஸ் கிடார், தபேலா எல்லாம் ஏதோ ஒரு வழியில் மச்சான். ஒரு திங்கட்கிழமை ஏழு பேரும் போய்விட்டார்கள். எங்களோடு கச்சேரி செய்தது ஒரு குழு என்று நினைத்திருந்தோம். அது ஒரு குடும்பம், நாங்கள் நாலு பேரும் விருந்தாளிகள்.

மிஞ்சியது கிடார், நான், டிரம்ஸ் வாசிக்கும் பாய், பாடகர். பாய்க்குச் சின்னக்கடைத் தெருவில் மெத்தைக் கடை. பகலெல்லாம் பஞ்சை அடிப்பார், சாயங்காலம் டிரம்ஸை அடிப்பார். இரண்டுக்கும் அவர் பெரிய வித்தியாசம் பார்ப்பதில்லை. பாடகர் ஒரு லாட்ஜில் மேனேஜர். பாடகி போய்விட்டதால் பெண் குரலையும் தானே பாடுவதாகச் சொன்னார். நன்றாகவே பாடினார். பெண் குரல் வரும் இடத்தில் மட்டும் கர்சீப்பால் மீசையை மறைத்துக்கொள்வார்.

அன்று மாடியில் கிடார் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான்.

"பத்து பேருன்னு சொல்லிட்டேன்டா."

"கவலைப்படாத மச்சான். எங்க மூணு பேரையும் மூணு மூணா எண்ணச் சொல்லு. ஒன்பது ஆச்சி. இன்னொரு ஆளுக்கு மாஸ்டர கூட்டிக்கலாம்" என்றேன்.

பாய் அதட்டினார். "ஏய், பேஜார் பண்ணாத. அவன் கல்யாணம் பாஸாவுமா ஃபெயிலாவுமான்னு கீறான், நீ சிரிக்கிற."

கிடாரிடம் ஒரு கேசட் இருந்தது. எங்கள் ஊர் மலையடிவாரத்து ஆசிரமத்தில் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனது. அதில் வாசிப்பது மூன்றே பேர் என்று அவர் சொன்னாராம். கிடார் அதைப் போட்டுக் காண்பித்தான். ஒரு கிடார், ஒரு பேஸ், ஒரு டிரம்ஸ். லாரி டயர் வெடித்தது மாதிரி இருந்தது.

"மூணே பேரு! எவ்ளோ சத்தம் பாத்தியா?"

"மூணு பேரும் மூணு பாட்டு பாடினா சத்தம் ஜாஸ்தியாதான் இருக்கும்" என்றேன். ஆனால் பாய் கண்ணை மூடித் தொடையில் தட்ட ஆரம்பித்துவிட்டார். அவர் அப்படித் தட்டினால் விஷயம் உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். அன்றே தபேலா வாசித்த இடங்களையெல்லாம் டிரம்ஸுக்கு மாற்றினார். கிடார் கீழ்த் தந்திகளில் பேஸைப் பிடித்துக்கொண்டே மேலே வாசிக்கப் பழகினான். இரண்டு நாளில் விரல் நுனி கொப்புளித்துவிட்டது. பாட்டுகள் ஒல்லியாகி, கொஞ்சம் முரட்டுத்தனமாக வந்தன. சொல்லக் கூடாது, நன்றாக இருந்தது.

தொல்லை வந்தது பிட்டில்தான். பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே வரும் வாத்தியத்தை நாங்கள் பிட் என்போம். பரீட்சைக்கு நான் கொண்டுபோனது வேறு பிட். எங்கள் ஊரில் கச்சேரிக்கு ஒரே சட்டம்தான்: ரிக்கார்டில் எப்படியோ அப்படியே இருக்க வேண்டும். நாள் முழுக்க டீக்கடையில் கேட்டுக் கேட்டு எல்லோருக்கும் வயலின் எங்கே வரும், குழல் எங்கே வரும் என்று மனப்பாடம். எங்களிடமோ இரண்டும் இல்லை. பாடகரை வாயாலேயே வயலின் மாதிரி "ங்ஙீ" என்று செய்யச் சொன்னோம். கீழே டைப் சத்தம் நின்றது. மாஸ்டர் ஓடி வந்து, "யாருக்கு இன்னா ஆச்சி?" என்று கேட்டார்.

கடைசியில் கிடார் முடிவு செய்தான். பிட்டே வேண்டாம். பல்லவி முடிந்ததும் மூச்சு விடாமல் சரணத்துக்குத் தாவிவிட வேண்டும். யாரும் கண்டுபிடிப்பதற்குள் பாட்டு முடிந்துவிடும். நாலு பேரும் தலையாட்டினோம்.

கீழ்பென்னாத்தூரில் ரைஸ் மில் வாசலில் பந்தல். மண்டிக்காரர் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எங்களை மூட்டை எண்ணுவதுபோல விரல் விட்டு எண்ணினார். எண்ணி முடிக்க நேரமாகவில்லை.

"இன்னா தம்பி, நாலு பேரு கீறீங்க. மத்தவங்க?"

கிடார் குனிந்து ஒயரைச் சொருக ஆரம்பித்தான். "பின்னாடி வந்துக்கினு இருக்காங்கய்யா" என்றேன் நான். எவ்வளவு பின்னாடி என்று அவர் கேட்கவில்லை.

"வயலின் உண்டுல்ல? எனக்கு வயலின்னா உசுரு" என்றவர், ஒரு பாட்டைச் சொல்லி, "மொதல்ல அதப் போடுங்க" என்றார். அந்த வருஷம் அவர் மண்டி ரேடியோவில் காலையும் மாலையும் ஓடிய பாட்டு. அதில் முதல் பிட் முழுக்க வயலின்தான். கிடார் என்னைப் பார்த்தான். நான் கிலுகிலுப்பையைப் பார்த்தேன்.

பல்லவி பிரமாதமாகப் போனது. பாய் அடித்த அடியில் பந்தல் கம்பத்தில் கட்டியிருந்த வாழைமரம் ஆடியது. பையன்கள் முன்னால் வந்து நின்றார்கள். பல்லவி முடிந்தது. சரணத்துக்குத் தாவ வேண்டும்.

யாரும் தாவவில்லை.

நாலு வருஷமாக எந்தப் பாட்டானாலும் அந்த இடத்தில் வயலினோ குழலோ வரும், நாங்கள் சும்மா இருப்போம். சும்மா என்றால் சும்மா இல்லை. அந்த இடைவெளியில் ஆளுக்கொரு வேலை உண்டு. பாடகர் திரும்பிச் சொம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தார். பாய் குச்சியை அக்குளில் வைத்துக்கொண்டு லுங்கியை இறுக்கிக் கட்டினார். கிடார் குனிந்து இரண்டாம் தந்தியைத் திருகினான். நான் மேடைக்குப் பின்னால் நகர்ந்து தட்டிலிருந்த போண்டாவை வாயில் போட்டுக்கொண்டேன். நாலு வருஷப் பழக்கம், உடம்பு தானாகச் செய்தது. வயலின் இல்லை என்பது எங்கள் தலைக்குத் தெரியும், கைகாலுக்கு யாரும் சொல்லவில்லை. பந்தலில் ஜெனரேட்டர் சத்தம் மட்டும் கேட்டது.

முதலில் நிமிர்ந்தவன் கிடார்தான். அவன் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. அப்போது மண்டிக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"ஏம்ப்பா! இங்க வயலின் வருமே!"

மைக்குக்குப் பக்கத்தில் இருந்திருந்தால் நான் ஏதாவது சொல்லியிருப்பேன். வாய் நிறைய போண்டா.

"தெரியாதா? இப்படி வரும்பா. தா... ரர ரா, ரரீ ரரா..."

கோபத்தில் ஆரம்பித்தார். இரண்டாவது இழுப்பில் கோபம் போய்விட்டது. வலது கையை வில் மாதிரி ஆட்டிக்கொண்டு, கண்ணை மூடி, வயலின் பிட் முழுவதையும் பாடினார். அவர் முடித்த இடமும் நாங்கள் வழக்கமாக ஆரம்பிக்கும் இடமும் ஒன்று. பாயின் கை தானாக இறங்கியது. கிடார் விழுந்தடித்துச் சேர்ந்துகொண்டான். பாடகர் வாயில் இருந்த தண்ணீரை விழுங்கிவிட்டுச் சரணத்தைப் பிடித்தார். பந்தலே கைதட்டியது. ஏற்பாடு செய்து வைத்தது என்று நினைத்துவிட்டார்கள்! மண்டிக்காரரும் சுற்றிப் பார்த்துவிட்டு, தானும் அப்படித்தான் நினைத்திருந்ததுபோலத் துண்டைச் சரி செய்துகொண்டு உட்கார்ந்தார்.

இரண்டாவது பிட்டில் குழல். மண்டிக்காரரின் தம்பி விசில் அடித்தார். அடுத்த பாட்டில் பெண்கள் பக்கத்திலிருந்து கோரஸ் வந்தது. பந்தி பரிமாறிக்கொண்டிருந்த ஒருத்தர் சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டு அக்கார்டியன் ஆனார். விட்டுப்போன எங்கள் ஏழு பேரைவிட அவர்கள் சத்தம் ஜாஸ்தி, சுருதி கம்மி.

கச்சேரி முடிந்ததும் மண்டிக்காரர் கிடாரைப் பந்தலுக்குப் பின்னால் கூப்பிட்டார். கூப்பிடாமலே நானும் போனேன்.

"பத்து பேருன்னு சொன்ன. நாலு பேரு வந்தீங்க. மீதி எங்க?"

"மீதியெல்லாம் உங்க சொந்தக்காரங்கதாங்க" என்றேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

கிடார் உண்மையைச் சொல்லிவிட்டான். ஏழு பேர் போனது, வயலின் இல்லாதது, அந்த இடத்தில் மறந்துபோய் நின்றது, எல்லாம். மண்டிக்காரர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அத வுடு. நான் பாடினது எப்படி? கரெக்டா?"

"நல்லா இருந்துதுங்க. ஆனா ஆரம்பத்துல கொஞ்சம் முன்னாடியே வந்துட்டீங்க" என்றான் கிடார்.

பெண் கை நழுவிப் போய்விட்டாள் என்று நினைத்தேன். அந்த ஊரில் அவர் எடையை யாரும் தப்பு என்று சொன்னதில்லை.

"ஞாயித்துக்கிழம வூட்டுக்கு வா" என்றார் மண்டிக்காரர். "கிடார எடுத்துக்கினு வா."

ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் எங்களுக்கு ஊரில் ஒரு பாத்திரக்கடை திறப்பு விழா இருந்தது. விஷயம் பிடிபட்டுவிட்டது என்ற தைரியத்தில், பிட் வரும் இடத்தில் நாலு பேரும் கம்பீரமாக நிறுத்தினோம். ஒருத்தரும் பாடவில்லை. கூட்டத்தில் ஒருத்தர், "கரண்டு பூட்ச்சா?" என்று மட்டும் கேட்டார். மண்டிக்காரர் மாதிரி கோபித்துக்கொள்ள ஊருக்கு ஓர் ஆள் கிடைக்குமா? அடுத்த பாட்டில் கிடார் ஒரு காரியம் செய்தான். வயலின் பிட்டின் முதல் மூன்று ஸ்வரத்தை மட்டும் கிடாரில் தட்டிவிட்டு, கையை எடுத்துவிட்டான். பாதியில் விட்டதைப் பொறுக்க முடியாமல் கூட்டம் மீதியைப் பாடி முடித்தது. டீக்கடையில் அந்த ஆள் சொன்ன ஐடியா அதுதான். நாங்கள் கண்டுபிடித்தது இந்த மூன்று ஸ்வரம் மட்டும். அதையும் கிடார் கண்டுபிடித்தான். நான் ஆட்டிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கீழ்பென்னாத்தூருக்குப் போனோம். கூடத்தில் ஜமக்காளம் விரித்து மண்டிக்காரரும் அவர் தம்பியும் குளித்து, திருநீறு பூசித் தயாராக உட்கார்ந்திருந்தார்கள். பெண் பேசப் போன மாதிரியே இல்லை, பாட்டுப் பரீட்சை மாதிரி இருந்தது. கிடார் பல்லவியை வாசித்து நிறுத்தினான். மண்டிக்காரர் பாய்ந்தார். மறுபடியும் சீக்கிரம்.

"அப்பா, இன்னும் கொஞ்சம் நேரம் வுட்டுட்டு வரணும்" என்று வாசற்படியில் ஒரு குரல். அந்தப் பெண்தான், காபி தட்டோடு நின்றாள்.

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"ஒரு வருசம் இவங்களுக்குக் கீழதானப்பா டைப் அடிச்சேன். அந்த இடம் வந்தாதான் நான் பேப்பர் மாத்துவேன். பழசை உருவிட்டு, புதுச சொருகி, நேரா வெச்சேன்னா சரியா வயலின் ஆரம்பிக்கும்."

காபியைத் தரையில் வைத்துவிட்டு, டைப்ரைட்டரே எதிரில் இருப்பதுபோல வெறுங்கையால் பேப்பரை உருவினாள், சொருகினாள், உருளையைத் திருகி நேராக்கினாள். தலையசைத்தாள். மண்டிக்காரர் ஆரம்பித்தார். கச்சிதமாக உட்கார்ந்தது. கிடார் வாயைப் பிளந்துகொண்டு அவளைப் பார்த்ததில் தன் இடத்தை விட்டுவிட்டான்.

காபி குடிக்கும்போது மண்டிக்காரர் சொன்னார். "தம்பி, ஒரு யோசனை. கல்யாணத்துக்கு நான் ஒரு ஆர்கன் வாங்கித் தரேன். வயலினுக்கும் ஆளு போட்டுக்க. மறுபடியும் பத்து பேரா ஆயிடு. இன்னா?"

எனக்கு உடனே சரி என்று சொல்லத் தோன்றியது. கிடார் டம்ளரைக் கீழே வைத்தான்.

"வேணாங்க. நாலு பேரே போதும்."

மாப்பிள்ளையாக வேண்டியவன், மாமனாராக வேண்டியவர் கொடுப்பதை வேண்டாம் என்கிறான். தம்பிக்காரர் என்னைப் பார்த்தார், நான் தட்டிலிருந்த முறுக்கைப் பார்த்தேன். மண்டிக்காரரின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"அப்ப வயலினுக்கு?"

"நீங்க இருக்கீங்களேங்க."

"நான் வந்துட்டா மண்டிய யாரு பாக்கறது?" என்று சத்தம் போட்டார். பிறகு மகளைப் பார்த்தார். அவள் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு சிரிப்பை அடக்கி உள்ளே போனாள். அவர் தொண்டையைச் செருமினார். "கீழ்பென்னாத்தூர் சுத்துப்பட்டுக்கு மட்டும்தான் வருவேன். வேலூர்லாம் கூப்பிடாத. சரி, நல்ல நாளா பாருங்க."

பஸ் நிறுத்தத்துக்கு நடந்து வரும்போது கிடாரின் கால் தரையில் பாவவில்லை. பிடித்துத் தரையில் இறக்குவது என் கடமை.

"மச்சான், ஒரு சந்தேகம். நாளைக்கு மேடையில பாட்ட நிறுத்திட்டோம்னு வெச்சிக்க. வயலின் எப்படா ஆரம்பிக்கிறது? நீ கை காட்டும்போதா, இல்ல உங்க மாமனாருக்குத் தோணும்போதா?"

"அவ பேப்பர் மாத்தி முடிச்சதும்டா."